முதல் நாளே வாங்கிய பூசணி

பூசணிக்காயை உடைத்தால் படம் முடிந்துவிடும் என்று நான் நம்பினேன். படம் முடிந்த பிறகுதான் பூசணிக்காயை உடைப்பார்கள் என்பது பின்னால்தான் உறைத்தது. இரண்டும் ஒன்றுதானே என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் இன்னும் ஒரு சினிமா யூனிட்டை உங்கள் பொறுப்பில் ஏற்றுக்கொண்டு ஒரு வாரம் தூங்கிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

தமிழ் சினிமாவில் இது வழக்கம். கடைசி நாள் கடைசி ஷாட் எடுத்ததும் ஒரு வெள்ளைப் பூசணிக்காயின் தலையில் கற்பூரம் ஏற்றி, கேமராவையும் ஆட்களையும் சுற்றித் தரையில் ஓங்கி உடைப்பார்கள். உடைத்தாயிற்று என்றால் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்தப் படத்துக்காக யாரும் கேமராவைத் தொட மாட்டார்கள். இது என் காதில் விழுந்தது யூனிட் வந்து இறங்கிய அன்று காலையில். அன்று சாயங்காலத்துக்குள் நான் ஒரு பூசணிக்காய் வாங்கி வைத்துவிட்டேன். முடிவு கையில் இருக்கட்டுமே என்ற தைரியம்தான். பரீட்சைக்குப் போகும் முன்பே மார்க் ஷீட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிற ஆள் நான்.

எனக்கும் சினிமாவுக்கும் சம்பந்தம் கிடையாது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் வாங்கி விற்றுக் கொடுக்கும் தரகன் நான். அப்பா கம்பத்திலிருந்து வந்தவர், நான் இங்கேயே பிறந்தவன். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், பயம் மட்டும் இரண்டிலும் சரளம். பதற்றம் வந்தால் முதலில் என் காது சூடாகும். அப்புறம் யாரும் கேட்காத கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆரம்பிப்பேன்.

இப்படிப்பட்டவனிடம்தான் என் மனைவியின் தம்பி ஒரு சண்டைப் படத்தின் கிளைமாக்ஸை ஒப்படைத்தான். கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று தயாரிப்பாளர் ஆகியிருந்தான். சின்னப் படம். ஒரே கேமரா, மூட்டை கட்டினால் ஒரு வேனில் அடங்கிவிடுகிற யூனிட்.

"மாமா, உங்க ஊர்ல பழைய குடோன் ஒண்ணு வேணும். மரப் படி, மேல மச்சு, பின்னாடி கதவைத் தொறந்தா காயல். ஒரு வாரம் போதும். நீங்க கூட நின்னாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி."

"மாப்ள, நான் கூட நின்னா மீதி வேலையும் நின்னுடும்டா" என்றேன். அவன் சிரித்தான். அது நகைச்சுவை இல்லை என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

குடோன் கிடைத்தது. நான் நெடுநாளாகச் சரக்கு கொடுத்துவரும் ஒரு முதலாளியுடையது. அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வெள்ளிக்கிழமை மாலை சாவி அவர் கைக்கு வந்துவிட வேண்டும், சனிக்கிழமை காலை அவருக்கு மிளகு வந்து இறங்குகிறது. "வெள்ளிக்கிழமை மதியமே தந்துடறேன்" என்று நானாக முந்திக்கொண்டு சொன்னேன். அவர் கேட்கவே இல்லை. காது சூடாகியிருந்தது.

படத்தின் இயக்குநருக்கு இதுதான் முதல் படம். மெலிந்த ஆள், சாப்பிடும்போதும் ஃபிரேம் பார்ப்பார், சோற்றில் குழி பறித்து அதற்குள் ஒரு கண்ணால் எட்டிப்பார்ப்பார். சண்டை மாஸ்டருக்கும் இதுதான் மாஸ்டராக முதல் படம். ஆனால் சினிமாவில் அவர் பழைய ஆள். வாழ்க்கை முழுவதும் கதாநாயகர்களிடம் அடி வாங்கியவர். வில்லனின் அடியாட்கள் கூட்டத்தில், கண்ணாடி உடைந்தால் அதன் வழியாக வெளியே போகிறவர் என்று ஒருவர் இருப்பாரே, அவர். நடக்கும்போது வலது முழங்காலில் கட்டிய பட்டை வேட்டிக்குள் புடைத்துக்கொண்டு தெரியும்.

முதல் நாளே எனக்கும் அவருக்கும் அறிமுகம் ஆனது. துப்பாக்கிச் சத்தத்துக்காக ஒரு வெடி வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். எனக்கும் சொன்னார்கள். ஆனாலும் அது வெடித்தபோது நான் சரக்கு ஏற்றும் மேடையின் விளிம்பில் சாயாக் கிளாசுடன் நின்றிருந்தேன். அடுத்த நொடி கிளாஸ் மட்டும் அங்கே இருந்தது. நான் பின்னால் சரிந்து, கீழே குவித்துப் போட்டிருந்த காலிச் சாக்குகளின் மேல் கைகால் விரித்துக் கிடந்தேன். யூனிட் முழுவதும் சிரித்தது. இயக்குநர் மட்டும், "அண்ணே, ஒன் மோர் போலாமா? ஃபோகஸ் இல்ல" என்றார்.

மாஸ்டர் ஓடி வந்து என் பின்னந்தலை, விலா, இடுப்பு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். "அடி இல்ல சார், எழுந்திரிங்க" என்றார். அப்புறம் குனிந்து சாக்குக் குவியலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். என்னைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

தகராறு கிளைமாக்ஸில் ஆரம்பித்தது. கதைப்படி வில்லனின் ஆட்கள் கதாநாயகனை மச்சில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். மூட்டைகளைக் கயிறு கட்டி மேலே இழுப்பதற்காக மச்சில் ஒரு பெரிய திறப்பு இருக்கும். அதன் வழியே அவன் கீழே குதித்து எல்லோரையும் பந்தாட வேண்டும். இயக்குநருக்கு இது ஒரே ஷாட்டில் வேண்டும். வெட்டு இல்லை, டூப் இல்லை, குதிப்பவன் முகம் தெரிய வேண்டும், கீழே வெறும் தரைதான் இருக்கிறது என்று பார்ப்பவன் நம்ப வேண்டும். மாஸ்டருக்கோ கீழே அட்டைப்பெட்டி அடுக்கி அதன்மேல் மெத்தை போட வேண்டும்.

"அட்டைப்பெட்டி தெரிஞ்சா அது ஃபைட் இல்ல மாஸ்டர், பார்சல் சர்வீஸ்."

"பெட்டி இல்லாம குதிச்சா அதுவும் ஃபைட் இல்ல சார். சாவு."

"கயிறு கட்டி இறக்குங்க."

"கயிறு கட்டினா இறங்குவான். நீங்க கேட்டது குதிக்கிறது."

நடுவில் நின்ற கதாநாயகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். உடம்பு ஜிம்முக்குப் போய் வந்திருந்தது, மனது இன்னும் புறப்படவில்லை. "எனக்கு எதுன்னாலும் ஓகே சார்" என்று சொல்லிவிட்டு மச்சின் விளிம்பிலிருந்து மெதுவாகப் பின்வாங்கினான்.

புதன்கிழமை முதல் இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். இயக்குநர் குடோனின் காயல் பக்கத்தில், மாஸ்டர் தெருப் பக்கத்தில். நடுவில் தூது போக ஒரு ஆள் வேண்டுமே. மைத்துனன் என்னைப் பார்த்தான். தரகு என் தொழில்தானே. மிளகு விற்பவனிடம் வாங்குபவன் சொன்னதை அப்படியே சொல்லியா நான் பிழைக்கிறேன்?

"அந்த ஆளுக்குப் பயம்னு சொல்லுங்கண்ணே" என்று இயக்குநர் சொன்னால், நான் குடோனைக் கடந்து போய், "உங்க அனுபவத்துக்கு அவர் ரொம்ப மரியாதை தர்றார் மாஸ்டர்" என்பேன். "அவருக்கு மேல போய் நின்னு பாக்கச் சொல்லுங்க" என்று மாஸ்டர் சொன்னால், திரும்பி வந்து, "நீங்க ஒருதடவை ஆங்கிள் பாத்தா நல்லாருக்கும்னு சொல்றார்" என்பேன். இப்படி நடந்து நடந்து வியாழக்கிழமை காலையில் இருவருமே என்னிடம் மட்டும் கோபமாக இருந்தார்கள். எதிரில் இருப்பவர் இவ்வளவு மரியாதையானவராக இருந்தும் ஏன் இறங்கிவர மாட்டேன் என்கிறார் என்று இருவருக்கும் புரியவில்லை.

அன்று மத்தியானம் மாஸ்டர் தனியாக மச்சில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு சாக்கில் கதாநாயகனின் எடைக்கு மணல் நிரப்பி, திறப்பின் வழியாகக் கீழே தள்ளுவார். அது பெட்டிகளின் மேல் எங்கே விழுந்தது, எவ்வளவு உருண்டது என்று இறங்கி வந்து பார்ப்பார். படியேறி மறுபடி தள்ளுவார். மரப்படி ஒவ்வொன்றிலும் அந்த வலது கால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் ஏறும்.

"மூட்டைக்கு நடிப்பு சொல்லிக் குடுக்கிறார்" என்று காயல் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கேட்காத மாதிரி அவர் அடுத்த படியில் கால் வைத்தார்.

நான் சாயா கொண்டு போய்க் கொடுத்தேன். "மாஸ்டர், விட்டுக்குடுத்துட்டா என்ன? குதிப்பு இல்லாமலே எடுக்கட்டுமே. எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போலாம்" என்றேன். எல்லாரும் என்று நான் சொன்னது என்னைத்தான்.

அவர் சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னார். "இத்தனை வருஷமா டைட்டில்ல சண்டைக் கலைஞர்கள்னு ஒரு கூட்டம் ஓடும் சார். அதுல எங்கயோ நான் இருப்பேன். எங்க வீட்டுல டிவியை நிறுத்தி நிறுத்தித் தேடுவாங்க. இந்தப் படத்துலதான் சண்டைப் பயிற்சின்னு போட்டு என் பேரு ஒத்தையா வரும். குதிப்பு இல்லன்னா அது வராது. நாலு தள்ளுமுள்ளுக்கு எதுக்கு மாஸ்டருக்குத் தனி டைட்டில் கார்டுன்னு டைரக்டர் நேத்தே தயாரிப்பாளர் கிட்ட சொல்லிட்டாரு."

எனக்குத் தெரியும். அப்போது நடுவில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தவனே நான்தான்.

"அப்படின்னா அவர் சொல்றபடியே குதிக்கவச்சுடலாமே?"

"என் பேரு வர்ற முதல் படத்துல ஒருத்தன் ஸ்ட்ரெச்சர்ல போகக் கூடாது சார். எனக்கு ரெண்டும் வேணும்." கிளாசைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படியேறினார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கிளைமாக்ஸில் குதிப்பைத் தவிர மற்ற எல்லாம் எடுத்தாகிவிட்டது. பதினோரு மணிவாக்கில் இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"குதிப்பு வேண்டாம். கதவை உடைச்சிட்டு வர்ற மாதிரி ஏற்கனவே எடுத்த ஷாட்டை வச்சு ஒட்டிக்கறேன். சாப்பாடு முடிஞ்சதும் பூசணி உடைச்சிடலாம். சாவியும் நேரத்துக்குக் குடுத்துடலாம்." அந்தக் கடைசி வரியை என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்காகத்தான் இந்த முடிவு என்பதுபோல.

மைத்துனன் தலையைச் சொறிந்தான். அவனுக்கும் அந்தக் குதிப்பு வேண்டும். அதை நம்பித்தான் கதையையே வாங்கினான். ஆனால் வாரம் முழுவதும் இரண்டு பேர் சண்டையைக் கேட்டுக் களைத்திருந்தான். "சரி, அப்படியே பண்ணிடலாம். ஆனா பூசணி உடைக்காம ஒருத்தரும் வண்டி ஏறக் கூடாது. முதல் படம், சம்பிரதாயம் தப்பக் கூடாது. மாமா, பூசணி?"

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் நான் தயாராக இருந்தேன். "வாங்கி வச்சிருக்கேன் மாப்ள" என்று நிமிர்ந்து சொன்னேன். சொல்லிவிட்டு மாஸ்டர் இருந்த பக்கம் பார்த்தேன். அவர் மணல் மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. அப்புறம் முடிச்சை இறுக்கினார்.

பூசணியை முதலில் மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தேன். முதல் நாளே வாங்கியது தெரிந்தால் கிண்டல் செய்வார்களே என்று மறுநாள் அதைச் சமையல் நடந்த பின்கொட்டகைக்கு மாற்றி, ஒரு மூலையில் வைத்தேன். வெட்கத்தால் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது போய்ப் பார்த்தால் மூலை காலி.

சமையல் சேட்டன் பெரிய உருளியில் கரண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். தேங்காய்ப்பால் வாசனை.

"சேட்டா, இங்க ஒரு பூசணிக்காய் இருந்துச்சே?"

"கும்பளங்ஙா அல்லே? ஓலன் வச்சு அண்ணாச்சி." கரண்டியில் அந்தத் தேங்காய்ப்பால் கூட்டை எடுத்துக் காட்டினார். வெள்ளை வெளேரென்று, கண்ணாடிபோல வெந்து, மெல்லிய துண்டுகள். "வெள்ளியாழ்ச்ச எல்லார்க்கும் வெஜிட்டேரியன்னு புரொடியூசர் பறஞ்ஞில்லே? நோக்கியப்போ அடுக்களைல நல்ல மூத்த காய். ஆரோ எனிக்கு வேண்டி கொண்டு வச்சதுன்னு நினைச்சு."

"அது பூஜைக்குச் சேட்டா!"

"பூஜைக்குள்ள சாதனம் அடுக்களையிலோ வைக்கிறது?" என்றார் அவர். "உப்பு நோக்கு" என்று ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். படத்தின் முடிவை நான் மென்று விழுங்கினேன். உப்பு சரியாக இருந்தது.

போய் உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள், வேறு ஒன்று வாங்கி வரச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஆனால் எனக்குக் காது கொதித்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் வாடியிருக்கு மாப்ள, புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்" என்று யாரும் கேட்பதற்குள் சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்தேன். வாசற்படியில் மாஸ்டர் நின்றார்.

"எங்க சார்?"

"பூசணி வாங்க."

அவர் தெருவைப் பார்த்தார். தெருவில் ஒரு லாரி போய் முடிந்தது. அப்புறம் சொன்னார், "மெதுவா போய்ட்டு வாங்க சார்."

கெஞ்சவில்லை. கண் கலங்கவில்லை. பக்கத்துக் கடைக்குப் போகிறவனிடம் தீப்பெட்டி வாங்கி வரச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது. பூசணி வரும்வரை படம் முடியாது. வராதவரை அவர் பெயர் சாகவில்லை.

காய்கறிக் கடை அடுத்த தெரு முனையில்தான். எங்கள் கம்பத்துக்காரர் ஒருவர் கடை. வாசலில் வெள்ளைப் பூசணி மலைபோல் கிடந்தது. நான் அதன் முன்னால் கைகட்டி நின்றேன்.

"என்னண்ணே வேணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மா பாக்கறேன்."

"பூசணிக்காயையா?"

அப்போது போன் அடித்தது. இயக்குநர். "எங்கண்ணே இருக்கீங்க?"

"இங்க எங்கயுமே பூசணி இல்ல சார். தேடிக்கிட்டே போறேன்." கடைக்காரர் தன் மலையையும் என்னையும் பார்த்தார்.

"எங்க தேடறீங்க?"

"வைட்டிலா கிட்ட வந்துட்டேன்." வாய் அதுபாட்டுக்கு ஊரின் மறுகோடியைச் சொன்னது.

"சரி, லைவ் லொகேஷன் அனுப்புங்க. எவ்ளோ நேரமாகும்னு பாத்துக்கறேன்."

பொய் சொல்பவனுக்கு இந்தக் காலம் ஏற்றதல்ல. "டவர் இல்ல சார்" என்று வைத்துவிட்டு, ஓடிப்போய் ஒரு ஆட்டோவை மறித்தேன். சொன்ன பொய்யை நிஜமாக்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"சேட்டா, வேகம் வைட்டிலா!"

"ஆசுபத்திரியிலேக்காணோ அண்ணாச்சி?" என் முகத்தைப் பார்த்துக் கேட்டார் டிரைவர்.

"அல்ல. கும்பளங்ஙா வாங்கான்."

அவர் திரும்பி அந்தக் கடை வாசலைப் பார்த்தார். அப்புறம் வண்டியைக் கிளப்பினார். பைத்தியங்களையும் ஏற்றிக்கொள்ளும் பெருந்தன்மை எங்கள் ஊர் ஆட்டோக்காரர்களுக்கு உண்டு.

தோப்பும்படிப் பாலத்தில் வண்டிகள் நின்றிருந்தன. என் ஆயுளில் முதல்முறையாகப் போக்குவரத்து நெரிசலைப் பார்த்து மனம் குளிர்ந்தது. அதற்குள் மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, தம்பி போன் பண்ணான். மாமா பூசணி வாங்கப் போய் ஆளைக் காணோம், கேரளாவுல பூசணியே கிடைக்காதான்னு கேக்கறான். என்னங்க நடக்குது?"

சுருக்கமாகச் சொன்னேன். ஓலனில் ஆரம்பித்து மாஸ்டரின் முழங்கால்வரை. திட்டப்போகிறாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"நான் சொல்லிட்டேன்" என்றாள்.

"என்னன்னு?"

"இங்க எல்லாரும் கப்பைக்கிழங்குதான் திம்பாங்க, பூசணிக்கு ஆலுவா வரைக்கும் போணும்னு. நீங்க பயந்து போய் ஏதும் வாங்கித் தொலைச்சுடாதீங்க."

இருபது வருடத்துக்கும் மேலாக என்னோடு குடும்பம் நடத்தியவள். என் உறுதி எங்கே விரிசல் விடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பாலத்தைத் தாண்டியதும் மறுபடி போன். இந்த முறை மாஸ்டர்.

"சார், அன்னைக்கு வெடிச் சத்தத்துக்கு விழுந்தீங்களே, கீழே சாக்கு எவ்வளவு ஒசரம் இருந்திருக்கும்?"

"தெரியல மாஸ்டர். கண்ணை மூடிட்டிருந்தேன்."

"முதுகு வலிச்சுதா?"

"மானம்தான் வலிச்சுது."

அவர் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். "நீங்க விழுந்ததை கேமராவுல போட்டுப் பாத்தேன் சார். மிளகு மூட்டைமேல ஒருத்தர் விழற மாதிரியே இருக்கு. கீழே மெத்தை இருக்கிற மாதிரியே தெரியல. சாக்குக்குள்ள அட்டைப்பெட்டியும் காலிச் சாக்கும் திணிச்சு வாயைத் தைச்சு அடுக்கிட்டா, குடோன்ல மூட்டை இருக்கறதுல என்ன தப்பு? வெறும் தரை வேணாம்னு அவரே சொல்லிடுவாரு. இன்னும் நிறையச் சாக்கு வேணும். உங்ககிட்ட இருக்கா?"

என்னிடம் சாக்குக்கா பஞ்சம்? பஜாரில் எனக்கிருக்கும் சின்னக் கிடங்கின் ஆளைக் கூப்பிட்டு, இருக்கிற காலிச் சாக்கு அத்தனையையும் எடுத்துவிடச் சொன்னேன். எங்கள் பஜாரில் சாக்கு காலியாக இருந்தாலும் அதைத் தூக்கச் சுமட்டுத் தொழிலாளிகள்தான் வர வேண்டும். அவர்களும் வந்து, கட்டுக்கட்டாகத் தூக்கிப் போய், யூனிட்டோடு சேர்ந்து ஓலன் சாப்பிட்டுவிட்டு அடுக்கியும் கொடுத்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

வைட்டிலாவில் இறங்கி லொகேஷன் அனுப்பினேன். பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு தள்ளுவண்டி நிறைய வெள்ளைப் பூசணி. பூசணி இல்லை என்பதை நிரூபிக்கப் பூசணிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இயக்குநர் கூப்பிட்டார்.

"இங்கயும் இல்ல சார்" என்றேன். குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம். "திருப்பூணித்துறை போய்ப் பாக்கறேன். அங்க கோயில்லாம் இருக்கு, கட்டாயம் கிடைக்கும்."

"பூசணியை விடுங்கண்ணே. ஒரு தேங்காயை..." என்று அவர் ஆரம்பித்தார். பின்னால் மைத்துனனின் குரல் கேட்டது. "தேங்காய் படம் ஆரம்பிக்கறப்ப சார். முடியறப்ப பூசணி. மாமா, நீங்க போங்க. கிடைக்காம வராதீங்க."

வாழ்க தம்பி. ஆனால் திருப்பூணித்துறைக்கு நான் போகவில்லை. வைட்டிலாவிலேயே ஒரு சாயா குடித்தேன். அங்கிருந்து திரும்பி வர மறுபடி அதே பாலம், அதே நெரிசல். வழியெல்லாம் காது சூடாகத்தான் இருந்தது. சாவி கொடுக்க வேண்டிய முதலாளியின் முகம் ஒவ்வொரு சிக்னலிலும் தெரிந்தது. எத்தனையோ கடைகளில் பூசணி கண்ணில் பட்டது, எதிலும் நான் ஆட்டோவை நிறுத்தச் சொல்லவில்லை. பயந்துகொண்டே ஒரு காரியத்தைச் செய்யாமல் இருப்பதும் வீரத்தில் சேருமா என்று டிரைவரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை இன்னும் வேகமாக ஓட்டினார்.

குடோனுக்குள் நுழைந்தபோது நான் எதிர்பார்த்தது கூச்சல். இருந்ததோ அமைதி. மச்சின் திறப்புக்குக் கீழே மிளகு மூட்டைகள் மார்பளவுக்கு அடுக்கப்பட்டிருந்தன. சனிக்கிழமை வரவேண்டிய சரக்கு இன்றே வந்துவிட்டதோ என்று எனக்கே ஒரு நொடி திக்கென்றது. இயக்குநர் கேமராவில் கண்ணை வைத்திருந்தார். யாரையும் பார்க்காமல், காற்றிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"அந்த மேல் மூட்டை கொஞ்சம் இடது பக்கம் இருந்தா நல்லாருக்கும்."

மாஸ்டர் போய் அந்த மூட்டையை இடது பக்கம் நகர்த்தினார். புதன்கிழமைக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அதுதான். தூதன் தேவைப்படவில்லை.

முதலில் மணல் மூட்டை விழுந்தது. அமுங்கி, அப்படியே உட்கார்ந்தது. அப்புறம் மாஸ்டர் படியேறினார். ஒவ்வொரு படியிலும் அந்தக் கால் யோசித்தது. மேலே போனதும் யோசிக்கவில்லை, குதித்தார். மூட்டைகளின் மேல் உருண்டு இறங்கி வந்து, கதாநாயகனின் தோளைத் தட்டி, "கீழே பாக்காத. எதிர்ச் சுவரைப் பாரு. நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

பையன் மச்சில் போய் நின்றான். முகம் வெளுத்திருந்தது. எனக்கு அவனைப் பார்க்கக் கண்ணாடி பார்ப்பதுபோல் இருந்தது. "ஆக்ஷன்" என்ற குரல் கேட்டதும் நான் வழக்கம்போலக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். தொப்பென்று ஒரு சத்தம். ஃபைட்டர்களின் கூச்சல். கண்ணைத் திறந்தபோது அவன் எழுந்து நின்று மூச்சிரைக்க, "சார், நான் இன்னொரு தடவை குதிக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். இயக்குநர் மானிட்டரில் திரும்பத் திரும்பப் பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து மாஸ்டருக்கு எதிரில் நின்றார்.

"ஓகே மாஸ்டர்" என்றார்.

"ஓகே சார்" என்றார் மாஸ்டர்.

அப்போதுதான் மைத்துனன் என் கைகளைப் பார்த்தான். "மாமா, பூசணி?"

எல்லோரும் திரும்பினார்கள். இனி மறைக்க எதுவும் இல்லை. "மத்தியானம் சாப்பிட்டீங்களே மாப்ள, ஓலன்" என்றேன். "அதுதான்."

ஒரு ஃபைட்டர் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மைத்துனனுக்கு வாய் திறந்தபடியே இருந்தது. "உடைக்காம எப்படி மாமா முடிக்கறது?"

மாஸ்டர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து முழங்கால் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சிருச்சு சார்" என்றார் நிமிராமலே. இயக்குநர் கையைத் தட்டி, "பேக்கப்" என்றார். லைட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சாக்குகளைப் பிரித்து, குடோனைப் பெருக்கி, பொழுது சாய்வதற்குள் சாவியை முதலாளியின் கையில் கொடுத்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. நானும், அபூர்வமாக, எதுவும் சொல்லவில்லை.

படம் வெளிவந்தபோது நானும் மனைவியும் கம்பத்துக்குப் போய் மைத்துனனோடு உட்கார்ந்து பார்த்தோம். குதிப்பு ஒரே ஷாட்டில் இருக்கிறது. சண்டைப் பயிற்சி என்று போட்டு மாஸ்டரின் பெயர் திரையில் தனியாக வருகிறது. யாருக்கும் அடிபடவில்லை. அந்தப் படத்துக்குப் பூசணிக்காய் உடைக்கவே இல்லை.